விசுவாசமா, ரோஷமா?

சேலம் அம்மாபேட்டையில் எனக்கு ஒரு சிநேகிதர் இருக்கிறார். தமிழ் வாத்தியாராக இருந்து ஓய்வு பெற்றவர். நெசவாளர் குடும்பம். அவருடைய தகப்பனார் காலத்தில் வீட்டு முன்கட்டில் இரண்டு குழித்தறிகள் இருந்தன. இப்போது ஒன்றுதான் இருக்கிறது, அதுவும் ஓடுவதில்லை. மற்றக் குழியின்மேல் பலகையைப் போட்டுப் புஸ்தக அலமாரியை நிறுத்தியிருக்கிறார். அடுத்த சந்தில் விசைத்தறிகள் இரவு பகலாக ஓடுகிற சத்தத்தில் நாங்கள் உட்கார்ந்து பேசுவோம். கொஞ்சம் உரக்கப் பேசவேண்டும். உரக்கப் பேசினால் சாதாரணப் பேச்சுக்கூடச் சண்டை மாதிரிக் கேட்கும். எங்கள் பேச்சு பெரும்பாலும் சண்டைதான் என்பதால் அதில் நஷ்டம் ஒன்றும் இல்லை.

வாத்தியார் என் நாவல்களை விடாமல் வாசிக்கிறவர். வாசித்துவிட்டு நன்றாயிருக்கிறது என்று ஒருநாளும் சொல்லாதவர். போன ஆடியில் மாரியம்மன் பண்டிகைக்குக் கூப்பிட்டிருந்தார். கூழைக் குடித்துவிட்டுத் திண்ணையில் சாய்ந்தபோது, நான் பல வருஷங்களுக்கு முன்னால் எழுதிய ஒரு நாவலை எடுத்துக்கொண்டு வந்து எதிரில் உட்கார்ந்தார். அதில் ஒரு பூசாரி வருகிறான். ஊர் அவனை ஒதுக்குகிறது, அடிக்கிறது, கடைசியில் அவன் மலையடிவாரத்தில் தனியாகச் செத்துப்போகிறான். அந்த அத்தியாயத்தை வாசித்துப் பல பேர் அழுததாக எனக்குக் கடிதம் எழுதியிருக்கிறார்கள். அந்தக் கடிதங்களை நான் பத்திரமாக வைத்திருக்கிறேன் என்பதையும் மறைக்கவில்லை.

“எல்லாம் சரிங்க,” என்றார் வாத்தியார். “இந்தப் பூசாரி ஏன் நல்லவன்? ஊர் அவனை அடிக்குது. அடி வாங்கினதாலே நல்லவன்னு நீங்களே முடிவு கட்டிட்டீங்க. அடி வாங்கறதுக்கு முந்தி அவன் யாரு? அது உங்களுக்கே தெரியாது.”

எனக்குச் சுருக்கென்றது. காரணம் அந்தப் பழைய பூசாரி அல்ல. அப்போது என் பைக்குள் ஒரு கட்டுப் பிரசுரங்கள் இருந்தன. அடுத்த நாவலுக்கென்று இரண்டு வருஷமாக நான் சேர்த்துவந்தவை. அதிலும் ஒரு குருமார்தான் கதாநாயகர். அவரும் அடிபட்டவர். நானும் அவரை அடிபட்டதற்காகவே தேர்ந்தெடுத்திருந்தேன் என்பது அந்த நிமிஷத்தில்தான் எனக்கு உறைத்தது.

அவர் பெயர் அந்தோனியோ பிரான்சிஸ்கோ சேவியர் அல்வாரிஸ். 1836-ல் கோவாவில் வெர்ணா என்ற ஊரில் பிறந்தவர். கத்தோலிக்கக் குருவாக இருந்தார். பிறகு கேரளத்து மலங்கரை ஆர்த்தடாக்ஸ் சபையில் சேர்ந்து, 1889-ல் கோட்டயம் பழைய செமினரியில் மார் ஜூலியஸ் என்ற பட்டப்பெயருடன் மேற்றிராணியார் ஆனார். கோவா, இலங்கை, மற்ற இந்தியா எல்லாம் அவருடைய மறைமாவட்டம் என்று ஏற்பாடு. அவருக்குப் பட்டம் கட்டினவர்களில் ஒருவர் பருமலைத் திருமேனி என்று கேரளத்தார் கும்பிடுகிற கீவர்கீஸ் மார் கிரிகோரியோஸ். அந்தச் சபை அவரை 1947-லேயே புனிதராக அறிவித்துவிட்டது. அல்வாரிஸ் ஊருக்குத் திரும்பினார். போர்த்துகீசிய அரசாங்கம் அவரைப் பிடித்தது, அவமானப்படுத்தியது, கோர்ட்டுக்கு இழுத்தது. கடைசியில் ரிபந்தர் ஆஸ்பத்திரியில் 1923 செப்டம்பர் 23-ஆம் தேதி, எண்பத்தேழாவது வயதில், வயிற்றுக்கடுப்பில் இறந்துபோனார். கதைச் சுருக்கம் இவ்வளவுதான். நம் பக்கத்து வாசகர்களில் இவர் பெயரைக் கேட்டவர்கள் மிகச் சிலரே இருப்பார்கள். ஆனால் இவருடைய விவகாரம் பாதிக்குமேல் கொழும்பில் நடந்தது.

இந்தக் கட்டுரையில் நான் அவருடைய சரித்திரத்தைச் சொல்லப் போவதில்லை. அவருடைய சரித்திரத்தை எப்படி எழுதிவைத்திருக்கிறார்கள் என்பதைத்தான் சொல்லப் போகிறேன். ஒரு பக்கம் பக்திப் பிரசுரங்கள் இருக்கின்றன. அவற்றில் பாதிரியார் தொட்டிலிலேயே பரிசுத்தர். மற்றொரு பக்கம் பீட்டர் ஆன்ஸன் என்ற ஆங்கிலேயர் 1964-ல் எழுதிய தடித்த புஸ்தகம் ஒன்று இருக்கிறது. ஊரில்லாத மேற்றிராணியார்கள், ஆளில்லாத சபைகள், தனக்குத்தானே பட்டம் சூட்டிக்கொண்டு உலகம் சுற்றியவர்கள், இவர்களைப் பற்றியது. வாசிக்கச் சிரிப்பாக இருக்கும். அல்வாரிஸ் அதில் ழோசஃப் ரெனே வில்லாத் என்பவருடைய கதையின் வாசற்படியாக வந்து போகிறார். இந்த வில்லாத் பாரீசில் பிறந்து அமெரிக்காவுக்குப் போய்ச் சபை சபையாக மாறினவர். 1892 மே மாதம் கொழும்பு ஹல்ஃப்ட்ஸ்டார்ப் கோயிலில் அல்வாரிஸ்தான் அவருக்கு மேற்றிராணியார் பட்டம் கொடுத்தார். அமெரிக்க கான்ஸல் சாட்சிக்கு வந்திருந்தார். வில்லாத் அதை எடுத்துக்கொண்டு போய்க் கண்டவர்களுக்கெல்லாம் பட்டம் கொடுத்தார். ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் இன்றைக்கும் பல சிறு சபைகள் தங்கள் குருபரம்பரையை அந்தக் கொழும்புக் காலைப்பொழுதுக்குக் கொண்டுபோய் முடிச்சுப் போடுகின்றன. வில்லாத் கடைசியில் ரோமாபுரிச் சபைக்கே திரும்பி, பிரான்சில் ஒரு மடத்தில் 1929-ல் காலமானார்.

பக்திப் பிரசுரங்களில் வில்லாத் ஒரு வரியில் வந்து மறைகிறார். வேடிக்கைப் புஸ்தகத்திலோ அவர்தான் கதாநாயகர். ஒருவருடைய வாழ்க்கையில் அசடு தட்டின ஒரு காரியம் இருந்தால் அதை மறைப்பது பக்தர்களின் வழக்கம். அதை மட்டும் பார்ப்பது கேலிக்காரர்களின் வழக்கம். நாவலாசிரியனுக்கு இரண்டும் உதவாது. எவனோ ஒருவன் கடல் கடந்து வந்து, முகம் தெரியாத தன்னிடம் மண்டியிட்டுப் பட்டம் கேட்கிறபோது, ஊரில் யாருமே மேற்றிராணியார் என்று ஒப்புக்கொள்ளாத ஒரு மனிதருக்கு எப்படி இருந்திருக்கும்? என் பேனா அங்கேதான் நிற்கும். சந்தோஷம் கண்ணை மறைத்திருக்கும் என்று நான் நினைக்கிறேன். அதனால் அவர்மேல் எனக்கு மதிப்புக் குறையவில்லை.

பிரசுரங்களில் எல்லாம் தவறாமல் வருகிற ஒரு சம்பவத்தைச் சொல்கிறேன். பாதிரியார் பஞ்சிம் தெருக்களில் ஏழைகளுக்காகப் பிச்சை எடுக்கிறார். ஒரு வியாபாரி பாத்திரத்தில் காறித் துப்புகிறான். பாதிரியார் கோபப்படாமல், இது எனக்கு இருக்கட்டும், ஏழைகளுக்கு ஏதாவது கொடுங்கள் என்கிறார். வாசித்தவுடனே கண் கலங்கும். எனக்கும் கலங்கியது. பிறகு இதை வேறெங்கோ கேட்ட மாதிரி இருக்கிறதே என்று தோன்றியது. கல்கத்தாவில் அன்னை தெரஸாவைப் பற்றி இதே கதையைச் சொல்கிறார்கள். வேறு சில மகான்களுக்கும் இது உண்டு. ஊர்தோறும் ஒரே தேர்ச்சக்கரம் ஓடுகிற மாதிரி இந்தக் கதையும் மகான்தோறும் ஓடிக்கொண்டிருக்கிறது. நடக்கவில்லை என்று நான் சொல்ல வரவில்லை. எல்லோருக்கும் பொருந்துகிற சட்டை எவனுடைய உடம்பையும் காட்டாது, அவ்வளவுதான்.

இதைச் சொன்னபோது வாத்தியார் சிரித்தார். “நம்ம நாயன்மார் கதையிலே அந்தத் தொந்தரவே இல்லீங்களே. ஒருத்தர் கண்ணை அப்பினார், ஒருத்தர் கல்லை எறிஞ்சார், ஒருத்தர் மீனைக் கடல்லே விட்டார். பேரை மூடிட்டு வாசிச்சாக்கூட யாருன்னு சொல்லிடலாம்.” வாஸ்தவம். சேக்கிழாரிடம் ஜீவிய சரித்திரக்காரர்கள் கற்றுக்கொள்ளவேண்டியது பக்தியை அல்ல, இந்த அடையாளத்தைத்தான்.

துன்பப்பட்ட ஒரு ஆர்த்தடாக்ஸ் குருவின் வாழ்க்கையை எப்படி எழுதலாம் என்பதற்கு உலகத்தில் ஒரு பெரிய உதாரணம் இருக்கிறது. அதை அவரே எழுதிக்கொண்டார். ருஷ்யாவில் பதினேழாம் நூற்றாண்டில் அவ்வாகும் என்று ஒரு தலைமைக் குரு. நிக்கோன் என்ற மகா குரு ஜபப் புஸ்தகங்களைத் திருத்தினார். சிலுவைக் குறி போடுகிறபோது இரண்டு விரலுக்குப் பதில் மூன்று விரல் என்றார். அவ்வாகும் ஒப்பவில்லை. ‘விரலுக்காகவா இவ்வளவு?’ என்று நாம் கேட்கலாம். காஞ்சீபுரத்தில் யானைக்கு வடகலை நாமமா தென்கலை நாமமா என்று வழக்காடின தேசத்தில் பிறந்த நாம் அந்தக் கேள்வியைக் கொஞ்சம் மெதுவாகக் கேட்பது நல்லது. 1653-ல் அவரைக் குடும்பத்தோடு சைபீரியாவுக்கு அனுப்பினார்கள். பத்து வருஷத்துக்குமேல் அங்கே இருந்தார். திரும்பிவந்தும் வாயை மூடவில்லை. வடகோடியில் புஸ்தோசெர்ஸ்க் என்ற இடத்தில் மண்ணுக்குள் சிறை வைத்தார்கள். 1682-ல் உயிரோடு எரித்தார்கள். அந்த மண்சிறையில் இருந்துகொண்டு அவர் எழுதிய தன் வரலாறு கையெழுத்துப் பிரதியாகவே பல தலைமுறை சுற்றி, 1861-ல்தான் அச்சேறியது.

அந்தப் புஸ்தகத்தில் சவுக்கடி இருக்கிறது, பட்டினி இருக்கிறது, பிள்ளைகள் செத்துப்போவது இருக்கிறது. எனக்கு மறக்காமல் நிற்பது ஒரு கறுப்புக் கோழி. சைபீரியாவில் பிள்ளைகளுக்கு ஆகாரம் இல்லாத நாளில் தினம் இரண்டு முட்டை இட்ட கோழி. பனிவண்டியில் அது நசுங்கிச் செத்துப்போனதை அந்த மனிதர் வருஷங்கள் கழித்து, தன் மரணத்தை எதிர்பார்த்துக்கொண்டிருக்கிற குழிக்குள் உட்கார்ந்து, துக்கத்தோடு எழுதுகிறார். மகா குருவையும் ஜாரையும் எதிர்த்த வாயால் கோழிக்கு இரங்குகிறார். மனைவியையும் சொல்கிறார். பனிக்கட்டியில் வழுக்கி வழுக்கி விழுந்து, இந்தக் கஷ்டம் இன்னும் எத்தனை நாளைக்கு என்று அவள் கேட்கிறாள். சாகிற வரையில் என்கிறார் இவர். சரி, அப்படியானால் நடக்கலாம் என்று எழுந்திருக்கிறாள். தன்னை நல்லவன் என்று நிரூபிக்க அவ்வாகும் சிரமப்படவே இல்லை. அவர் முரடர், பிடிவாதக்காரர், சில இடங்களில் கொடூரமானவரும்கூட. எல்லாவற்றையும் அவரே சொல்லிவிடுகிறார். அதனால் அவரை நம்புகிறோம்.

அல்வாரிஸைப் பற்றி எழுதினவர்களிடம் நான் கேட்க விரும்புவது ஒன்றுதான்: கோழி எங்கே?

சரி, அவர் விவகாரம்தான் என்ன? இதைக் கொஞ்சம் விவரமாகச் சொல்லாவிட்டால் மேலே சொல்லப் போவது விளங்காது. இந்தியாவிலும் இலங்கையிலும் மேற்றிராணியார்களை நியமிக்கிற விஷயத்தில் போர்த்துகல் அரசருக்கு ஓர் உரிமை வெகுகாலமாக இருந்தது. பத்ரோவாதோ என்பார்கள். நம் கோயில்களில் ராஜாக்களுக்கு இருந்த பரிபாலன உரிமையை நினைத்துக்கொண்டால் ஏறக்குறையப் புரியும். ரோமாபுரி நேரடியாக அனுப்பின ஐரோப்பியக் குருமாருக்கும், இந்த உரிமையின் கீழ் இருந்த கோவாக் குருமாருக்கும் தகராறு ஓயாது. இலங்கையில் டச்சுக்காரர்கள் கத்தோலிக்கக் குருமாரைத் தடை செய்திருந்த காலத்தில், 1687-ல் பிச்சைக்கார வேஷத்தில் யாழ்ப்பாணம் பக்கம் இறங்கி, தமிழ் கற்று, அந்தச் சபையை உயிர்ப்பித்தவர் யோசேப்பு வாஸ் அடிகள். அவரும் கோவாக்காரர். அவர் வழியில் வந்த கோவாக் குருமார்தான் அங்கே பல கோயில்களை வளர்த்தார்கள். 1886-ல் போப்பாண்டவர் பதின்மூன்றாம் லியோவும் போர்த்துகல் அரசும் ஓர் உடன்படிக்கை செய்துகொண்டார்கள். அரசருடைய உரிமை சுருங்கியது. இலங்கைக் கோயில்கள் கைமாறின. அங்கே இருந்தவர்களை யாரும் கேட்கவில்லை.

கொழும்பில் லிஸ்போவா பிந்தோ என்ற கோவா டாக்டர் இதை எதிர்த்துச் சங்கம் கூட்டினார். (இதே டாக்டர்தான் 1893-ல் இலங்கையின் முதல் தொழிற்சங்கமான அச்சுத் தொழிலாளர் சங்கத்துக்குத் தலைவரானார். எதிர்க்கிறவன் ஒன்றோடு நிறுத்துகிறதில்லை போலும்.) விண்ணப்பங்கள் பறந்தன, பலன் இல்லை. கோவாவில் பத்திரிகை நடத்தி அரசர் பக்கம் வாதாடிக்கொண்டிருந்த அல்வாரிஸ், அரசரே உரிமையை விட்டுக்கொடுத்த பிறகு எங்கே போவார்? கேரளத்துக்குப் போனார். அந்தியோக்கியா மகா குருவின் சம்மதத்தோடு அங்கே பட்டம் ஏற்றார். போர்த்துகல் அரசருடைய உரிமைக்காகச் சண்டை போடப் புறப்பட்டவரை அந்தப் போர்த்துகல் அரசாங்கமே கைது செய்தது. நான் கற்பனையாக இப்படி எழுதியிருந்தால் பத்திராதிபர் ‘நம்பும்படியாக இல்லை’ என்று திருப்பி அனுப்பியிருப்பார்.

கைதுக் காட்சியைப் பிரசுரங்கள் எல்லாம் ஒரே மாதிரி சொல்கின்றன. அங்கியைக் கழற்றி, உள்ளுடையோடு வீதியில் நடத்தி, சிலுவையையும் மோதிரத்தையும் பிடுங்கி, கட்டிலும் நாற்காலியும் இல்லாத அசுத்தமான அறையில் போட்டார்கள், நீதிபதி குற்றமில்லை என்று விட்டார், மறுபடி ராஜத்துரோக வழக்கு, அதிலும் விடுதலை. இப்படிச் சொல்லி, ஆ, என்ன கொடுமை என்று முடிக்கிறார்கள். கொடுமைதான். ஆனால் அங்கிமேல் அரசாங்கத்துக்கு அப்படி என்ன வெறுப்பு என்று யாரும் சொல்வதில்லை. அன்றைய போர்த்துகலில் கத்தோலிக்கம் அரசாங்க மதம். அரசாங்கம் ஒப்புக்கொள்ளாமல் மேற்றிராணியார் உடையில் வீதியில் நடப்பது, உத்தியோகம் இல்லாதவன் போலீஸ் இன்ஸ்பெக்டர் உடுப்பில் நடப்பது மாதிரி. அதைச் சொல்லிவிட்டால் கொடுமை குறைந்துபோகும் என்று பக்தர்கள் பயப்படுகிறார்கள் போலிருக்கிறது. குறையாது. அறிவில்லாத முரடன் அடிப்பதைவிடச் சட்டப் புஸ்தகத்தைக் கையில் வைத்துக்கொண்டு ஒருவன் கிழவரின் உடையை உருவுவதுதான் பயங்கரம். 1910-ல் போர்த்துகலில் அரசர் போய்க் குடியரசு வந்தது. 1911-ல் அரசும் சபையும் சட்டப்படி பிரிந்தன. 1923-ல் அதே மனிதருடைய உடலை நகரசபை மண்டபத்தில் வைத்து ஊரெல்லாம் பார்த்தது. மனிதர் மாறவில்லை, சட்டம்தான் மாறியிருந்தது.

(உடை என்றதும் எனக்கு இந்தச் சேலம் சீமையின் நினைவே வருகிறது. 1623-ல் சேந்தமங்கலத்துக்கும் சேலத்துக்கும் வந்த ராபர்ட் தெ நோபிலி சந்நியாசி உடையில் வந்தார். அவருக்கும் உடையாலும் பூணூலாலும் சொந்தச் சபையிலேயே வழக்கு. அதே 1623-ல்தான் போப்பாண்டவர் தீர்ப்பு அவருக்குச் சாதகமாக வந்தது. ஒருவர் காவி உடுத்தியதற்காகவும், இன்னொருவர் மேற்றிராணியார் அங்கி உடுத்தியதற்காகவும் பதில் சொல்லவேண்டி வந்திருக்கிறது. நெசவாளர் தெருவில் உட்கார்ந்து இதை எழுதுவது ஒரு பொருத்தம்தான்.)

இனி வாத்தியாரின் கேள்விக்கு வருகிறேன். அடி வாங்குவதற்கு முன்னால் அவர் யார்?

பிரசுரங்களைத் திரும்பவும் புரட்டினேன். பட்டம், கைது, அவமானம் இவற்றுக்கெல்லாம் பக்கம் பக்கமாக இடம் ஒதுக்கியவர்கள், ஒரு வருஷத்தைப் போகிறபோக்கில் சொல்லிவிட்டு நகர்ந்திருந்தார்கள். 1871. அந்த வருஷத்தில் அல்வாரிஸ் பஞ்சிமில் ஒரு தர்மசங்கம் ஆரம்பித்திருக்கிறார். தெருவில் திரிகிற பிச்சைக்காரர்களுக்காக. அப்போது உடன்படிக்கை இல்லை, கொழும்புத் தகராறு இல்லை, கோட்டயம் இல்லை. அவர் ரோமாபுரிச் சபையின் சாதாரணப் பாதிரி. மோதிரம் கைக்கு வருவதற்குப் பதினெட்டு வருஷம் முன்னாலேயே பிச்சைப் பாத்திரம் கைக்கு வந்துவிட்டது. மோதிரத்தைப் பிடுங்கின பிறகும் பாத்திரம் கையிலேயே இருந்தது. காலரா வந்தபோது வைத்தியமுறை சொல்லிச் சின்னப் புஸ்தகம் போட்டார். குஷ்டரோகிகளையும் க்ஷயரோகிகளையும் சேர்த்துவைத்துப் பார்த்தார். ஏழைகள் பசியாற மரவள்ளிக் கிழங்கு பயிர் செய்யுங்கள் என்று சொல்லிக்கொண்டு திரிந்தார்.

இதை முன்னால் வைத்துச் சொன்னால் கதை வேறாகிவிடுகிறது. ‘விசுவாசத்துக்காகத் துன்பப்பட்டார், ஆகையால் பெரியவர்’ என்பது பிரசுரங்களின் கணக்கு. என் பூசாரி கதையின் கணக்கும் அதேதான், வெட்கத்தோடு ஒப்புக்கொள்கிறேன். துன்பம் ஒருவனைப் பெரியவனாக்கும் என்றால் திருடனையும் ஜெயிலில் போட்டுக் கும்பிடவேண்டியதுதான். அல்வாரிஸ் கோட்டயம் போனதில் ரோஷம் இருந்தது என்பது என் அபிப்பிராயம். சபை மாறின பிறகும் அவருடைய ஜனங்கள் லத்தீன் முறைப் பூஜையையே வைத்துக்கொண்டார்கள் என்பதைக் கவனியுங்கள். கர்நாடகத்தில் உடுப்பிக்குப் பக்கத்தில் பிரம்மாவரில் அந்தக் கோயில் இருக்கிறது. அங்கே அவரோடு சேர்ந்த ரோக் நொரோஞ்ஞா சுவாமியார், பட்டமும் இல்லை பரபரப்பும் இல்லை, 1936-ல் சாகிற வரையில் அந்த ஜனங்களோடு இருந்தார். அவரைப் பற்றித் தனி நாவல் எழுதலாம், யாரும் வாங்கமாட்டார்கள். பூஜை மாறவில்லை, ஜபம் மாறவில்லை, யாருக்குக் கீழ்ப்படிவது என்பது மட்டும் மாறியது. அதை விசுவாசம் என்பதா, ரோஷம் என்பதா?

இந்தக் கேள்வியை நான் சாதாரணமாகத்தான் கேட்டேன். வாத்தியார் சட்டென்று எழுந்து உள்ளே போனார். கொஞ்ச நேரம் கழித்து வந்தார். முகம் மாறியிருந்தது.

“எங்கப்பா கதை உங்களுக்குச் சொன்னதில்லே,” என்றார்.

தகப்பனார் ஒரு கோயில் நிர்வாகத்தில் இருந்தவராம். எந்தக் கோயில் என்று வாத்தியார் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. ஒரு திருவிழாவில் பரிவட்டம் யாருக்கு முதலில் என்று தகராறு. இவர் பரம்பரைக்கு வந்துகொண்டிருந்த மரியாதையை வேறு ஒருவருக்குக் கட்டிவிட்டார்கள். மனிதர் மேல்துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு வெளியே வந்தார். அதற்குப் பிறகு இருபத்தெட்டு வருஷம் அந்த வாசற்படி மிதிக்கவில்லை. ஊர் இவரை விலக்கி வைத்தது, கல்யாணத்துக்குக் கூப்பிடவில்லை, பாவு நூல் கொடுக்கிறவர்கூட இரண்டு வருஷம் கொடுக்காமல் இருந்தார். அப்படியும் தைப்பூசத்துக்கு ஒரு மாசம் இருக்கும்போது குழித்தறியில் இறங்கி, தன் கையால் சுவாமிக்கு ஒரு வெண்பட்டு வேஷ்டி நெய்வார். பக்கத்து வீட்டுப் பையனிடம் கொடுத்து, யார் கொடுத்தது என்று சொல்லாதே என்று அனுப்புவார். அந்த நெசவைப் பார்த்தால் யார் கை என்று அம்மாபேட்டையில் குழந்தைக்கும் தெரியும். வருஷா வருஷம் சுவாமி அதைக் கட்டிக்கொண்டார். இவர் வருஷா வருஷம் போகவில்லை. சாகக் கிடந்தபோது கோயிலிலிருந்து இரண்டு பேர் விபூதி கொண்டுவந்தார்கள். கை நீட்டி வாங்கினார். நெற்றியில் இடவில்லை, கீழே போடவும் இல்லை. தலையணைக்கு அடியில் வைத்துக்கொண்டார். மூன்றாம் நாள் போய்விட்டார்.

“இப்ப கும்பாபிஷேகம் வருதுங்க,” என்றார் வாத்தியார். “பழைய ஆளுங்க யாரும் இல்லே. புதுசா வந்த பசங்க, அந்த மரியாதையை உங்க வீட்டுக்கே திருப்பித் தர்றோம், வந்து கட்டிக்குங்கன்னு கூப்பிடறாங்க. நான் போனா அப்பா செஞ்சது வெறும் பரிவட்டச் சண்டைன்னு ஆயிடும். போகாட்டா நானும் அதே பரிவட்டத்தைப் புடிச்சுக்கிட்டு நிக்கறேன்னு ஆயிடும். ரோஷமா விசுவாசமான்னு நீங்க புஸ்தகத்துக்காகக் கேக்கறீங்க. எனக்கு ஆவணிக்குள்ளே பதில் வேணும்.”

விசைத்தறிச் சத்தம் அன்றைக்கு இல்லை, பண்டிகைக்காக நிறுத்தியிருந்தார்கள். அதனால் மெதுவாகவே பேசினோம். நான் எனக்குத் தோன்றியதைச் சொன்னேன். அல்வாரிஸின் கடைசி நாட்களைப் பார்த்தால், ரோமாபுரிக் குருமார் தன்னை அடக்கம் செய்யக்கூடாது என்று அவர் உறுதியாக இருந்திருக்கிறார். பஞ்சிம் சாந்த இனேஸ் கல்லறைத் தோட்டத்தின் ஒரு மூலையில் சடங்கு எதுவும் இல்லாமல் புதைத்தார்கள். பின்னால் அங்கே சிலுவை நட்டுக் கல்வெட்டும் வைத்தார்கள். கல்வெட்டில் அவர் பாதிரியார், மனிதாபிமானி, பெரிய தேசபக்தர். மேற்றிராணியார் என்ற வார்த்தை இல்லை. எந்தப் பட்டத்துக்காக உடையை இழந்து வீதியில் நடந்தாரோ அந்தப் பட்டத்தை நண்பர்களும் கல்லில் எழுதவில்லை. நாற்பது வருஷத்துக்குமேல் அந்தக் கல்லறையைச் சபையே தேடிப் போகவில்லை. 1967-ல் கண்டுபிடித்து, பின்னால் எலும்புகளை ரிபந்தரில் தங்கள் கோயிலுக்குக் கொண்டுபோனார்கள். யோசேப்பு வாஸ் அடிகளை 2015-ல் போப்பாண்டவர் கொழும்புக்கே வந்து புனிதராக அறிவித்தார். இரண்டு பேரும் கோவாக்காரர்கள், இரண்டு பேரும் பிச்சைப் பாத்திரத்தோடு நின்றவர்கள்.

ரோஷத்தில் புறப்பட்டவர்தான் என்றேன். ஆனால் ரோஷத்துக்கு முப்பத்து நாலு வருஷம் ஆயுசு கிடையாது. யாரும் பார்க்காமல், பட்டம் செல்லாமல், பணம் இல்லாமல், கிழட்டு வயசில் வெறும் ரோஷத்தை வைத்துக்கொண்டு குஷ்டரோகி பக்கத்தில் படுக்க முடியாது. நடுவில் எங்கேயோ ஒரு நாள் அது வேறொன்றாக மாறியிருக்கவேண்டும். அந்த நாள் எந்தப் பிரசுரத்திலும் இல்லை. நாவல் என்று ஒன்றை எழுதினால் அந்த ஒரு நாளைத்தான் எழுதவேண்டும். கைதுக் காட்சியை ஒரு பக்கத்தில் முடித்துவிடலாம்.

வாத்தியார் ஒப்புக்கொள்ளவில்லை. “மாறவேண்டிய அவசியம் என்னங்க?” என்றார். “எங்கப்பா வேஷ்டி நெய்யும்போது ரோஷத்தோடதான் நெஞ்சார். ஒவ்வொரு இழையிலும் அது இருந்துச்சு. நான் குழிக்குப் பக்கத்திலே உக்காந்து ஊடை நூல் சுத்திக் குடுத்தவன். எனக்குத் தெரியும். ரெண்டையும் பிரிச்சா வேஷ்டியே இல்லை. நீங்க எழுதறவங்க, இழை இழையாப் பிரிச்சுப் பாக்கணும்னு நினைக்கிறீங்க.”

இதற்கு நான் ஒரு பதில் வைத்திருந்தேன், சொல்லவில்லை. தலையணைக்கு அடியில் இருந்த விபூதிதான் நான் தேடின கோழி என்று மட்டும் சொன்னேன். அவ்வாகும் கதையை அப்போதுதான் அவருக்கு முழுக்கச் சொன்னேன். கோழி நசுங்கிச் செத்த இடத்தில் அவர் ‘அடடா’ என்றார். ஜாரைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை.

பிரசுரக் கட்டை அவரிடமே விட்டுவிட்டு வந்தேன். ஆவணியில் ஒரு கார்டு வந்தது. கும்பாபிஷேகத்தன்று கோயிலுக்குப் போனாராம். பரிவட்டம் வேண்டாம் என்று சொல்லிவிட்டுக் கூட்டத்தோடு பின்னால் நின்றாராம். தறியைத் துடைத்து, ஆள் வைத்து ஒரு வேஷ்டி நெய்து எடுத்துப் போனாராம். நெசவு அப்பாவுடையது மாதிரி வரவில்லை, கரை ஓரம் இழுத்துக்கொண்டது என்றும் எழுதியிருந்தார். பூசாரி நாவலின் அடுத்த பதிப்பில் கடைசி அத்தியாயத்தை எடுத்துவிடச் சொல்லியிருந்தார். அழுகிறவர்கள் வேறு இடத்தில் அழுதுகொள்வார்களாம்.

கார்டின் ஓரத்தில் இடம் இல்லாமல் நெருக்கி இன்னொரு கேள்வி: ஆத்தூர்ப் பக்கம் மச்சான் ஐந்து ஏக்கர் மரவள்ளி போட்டிருக்கிறார், பாதிரியார் போடச் சொன்னது தின்கிற கிழங்கா, இங்கே ஜவ்வரிசி மில்லுக்குப் போகிறதே அந்தக் கிழங்கா, கேட்டு எழுதவும்.